‘டாங்க்’ என்னும் சொல்லும் திருகோணமலையும்: பொருள் மாற்றமொன்றின் சமூகப் பின்னணி

1

நிகண்டு கற்றோர்க்கு ஒரு சொல் பல பொருள் குறித்தல் புதிய செய்தியன்று. சூடாமணி நிகண்டின் பதினோராவது தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. சொல்லைக் கூறி, அதன் பொருள்கள் இவையென அடுக்கிச் செல்வது நிகண்டின் முறை. அம்முறையில் எல்லாப் பொருள்களும் ஒரே காலத்தில், ஒரே வரிசையில் நிற்பனபோலத் தோன்றும். எப்பொருள் முந்தியது, எது பிந்தியது, எத்தகைய சமூகத் தேவை ஒரு பொருளை ஒதுக்கி மற்றொன்றை முன்னிறுத்தியது என்பன நிகண்டாசிரியருக்கு எழாத வினாக்கள். அவை இன்றைய ஆய்வாளருக்கு எழவேண்டிய வினாக்கள். ஒரு சொல்லின் பொருள்கள் தமக்குள் முரண்பட்டு நிற்கும்போது அம்முரண்பாட்டின் வேர் பெரும்பாலும் அகராதிக்கு வெளியே, மக்களின் உழைப்பிலும் உடைமையிலும் காணப்படும்.

இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சொல் ‘டாங்க்’ என்னும் ஆங்கிலச் சொல். அரிய சொல் அன்று. பாடசாலை மாணவரும் அறிந்தது. எனினும் திருகோணமலை மாவட்டத்தில் இச்சொல்லுக்கு வேறெங்கும் காணாத ஓர் அடர்த்தி உண்டு. கந்தளாயில் அது குளம். சீனக்குடாவில் அது எண்ணெய் நிரப்பும் இரும்புக் கலம். போர்க்காலச் செய்திகளில் அது சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்துவரும் பீரங்கி வண்டி. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல். தமிழிலோ குளம் என்கிறோம், தாங்கி அல்லது குதம் என்கிறோம், கவச வாகனம் அல்லது யுத்தத் தாங்கி என்கிறோம். ஆங்கிலம் ஒன்றாக்கியதைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. இப்பிரிவினை தற்செயலானதா, அன்றி இரு மொழிகளும் இப்பொருள்களோடு கொண்ட உறவின் வேறுபாட்டைக் காட்டுவதா என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

2

முதலிற் சொல்லின் பயணத்தை நோக்குவோம். ‘டாங்க்’ என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. 17ஆம் நூற்றாண்டளவில், இந்தியக் கரைகளுக்கு வந்த வணிகர் வாயிலாக அது ஆங்கிலத்திற் புகுந்தது. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தேக்கத்தைக் குறித்து வழங்கிய சொல்லொன்றிலிருந்து அது பிறந்ததென்பது ஒரு கருத்து; நீர்நிலையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லான ‘தாங்க்கே’ அதற்கு வழிகோலியதென்பது மற்றொரு கருத்து. இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின எனக் கொள்வோரும் உளர். யூல், பர்னல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன்-ஜொப்சன்’ என்னும் ஆங்கில-இந்தியச் சொல்லகராதி இச்சொல்லையும் எடுத்து ஆராய்கின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழகத்திற் சிற்றேரியைக் குறிக்கும் ‘தாங்கல்’ என்னும் சொல் உண்டு. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என ஊர்ப்பெயர்களிலும் அது நிலைத்துள்ளது. ஒலியொற்றுமை கண்டு, ஆங்கிலச் சொல் தமிழின் மகவே என மகிழ்வோர் இருக்கக்கூடும். ஒலியொற்றுமை மட்டும் பிறப்புச் சான்றாகாது. ‘எல்லாம் நம்மிடமிருந்தே போயின’ என்னும் வேட்கை சொல்லாராய்ச்சிக்குப் பகை. நமக்கு வேண்டிய உண்மை இதனினும் எளியது: இத்துணைக்கண்டத்துக் கரையில் நீர்நிலையின் பெயராகவே இச்சொல்லை ஆங்கிலேயர் கைக்கொண்டனர்.

அதன் பின்னர் நேர்ந்ததே கவனத்திற்குரியது. நீர்நிலையின் பெயர் மெல்ல மெல்லக் கலத்தின் பெயராயிற்று. கப்பலில் நன்னீர் கொண்டுசெல்லும் பெட்டகம், ஆலையில் நீராவிப் பொறிக்கு நீர் வழங்கும் தொட்டி, வீட்டுக் கூரையின் நீர்த்தொட்டி, பின்னர் பெற்றோலியக் கலம் என அது விரிந்தது. மண்ணைக் கட்டி நீரை நிறுத்திய இடத்தைக் குறித்த சொல், எத்திரவத்தையும் எவ்விடத்தும் அடைத்துவைக்கும் இரும்புக் கொள்கலத்தைக் குறிக்கலாயிற்று. இயந்திரத் தொழிற் புரட்சியின்றி இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள இயலாது. குளம் ஒரு நிலத்தோடு பிணைந்தது. அதைப் பெயர்த்தெடுத்துச் செல்ல முடியாது. கலமோ ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உரியது. பண்டத்தின் உலகில் சொல்லும் நிலத்திலிருந்து பெயர்ந்தது.

மூன்றாம் பொருள் 1915ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்தது. முதலாம் உலகப் போரில், அகழிகளைக் கடந்து செல்லும் கவச வண்டியொன்றைப் பிரித்தானியர் மறைவாக உருவாக்கினர். ‘நிலக்கப்பல்’ என வழங்கிய பெயர் இரகசியத்தை வெளிப்படுத்திவிடும் என அஞ்சி, நீர்கொண்டு செல்லும் தொட்டியெனப் பிறர் நம்பும்படி ‘டாங்க்’ என மாற்றுப்பெயர் இட்டனர். 1916 செப்டெம்பர் 15ஆம் நாள் சொம் போர்க்களத்தில் அது முதன்முதல் இறக்கப்பட்டது. புனைபெயர் இயற்பெயராயிற்று. நீரின் பெயரைப் போர்வையாக்கிக்கொண்டு படைக்கலம் வெளிவந்தது. மூன்று நூற்றாண்டுகளுள் ஒரு சொல் குளத்திலிருந்து கலத்திற்கும், கலத்திலிருந்து கொலைக் கருவிக்கும் சென்ற வழி இது.

இவ்விரு பிற்பொருள்களையும் இணைக்கும் வரலாற்றுக் கண்ணியொன்று உண்டு. பிரித்தானியக் கடற்படையை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றும் கொள்கையைத் துரிதப்படுத்தியவரும், 1915இல் நிலக்கப்பற் குழுவை அமைத்தவரும் ஒருவரே. அக்காலத்தில் கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சிலே அவர். தனிமனிதரின் மேதைமையை வியப்பதற்காக நாம் இதனைக் குறிப்பிடவில்லை. எண்ணெயும் கவசமும் ஒரே பேரரசுத் தேவையின் இரு கரங்கள் என்பதை இது காட்டுகின்றது. அத்தேவையின் ஒரு முனை திருகோணமலையில் வந்து நாட்டப்பட்டது.

3

கப்பல்கள் எண்ணெயில் ஓடத் தொடங்கியபின், பேரரசின் கடல்வழிகளில் எண்ணெய்ச் சேமிப்பிடங்கள் இன்றியமையாதனவாயின. திருகோணமலையின் இயற்கைத் துறைமுகம் அதற்கு ஏற்றதாய்க் காணப்பட்டது. சீனக்குடாவின் காட்டுநிலத்தில், 1930களை ஒட்டிய காலப்பகுதியில், பேருருவ இரும்புத் தாங்கிகள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கனமீற்றர் கொள்ளத்தக்கது. 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானியக் கடற்படையின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, தாங்கியொன்றின்மீது விமானமொன்று வீழ்ந்து தீ மூண்டது. இன்று கணக்கிற் கொள்ளப்படுவன 99 தாங்கிகள்.

அத்தாக்குதலைத் தமிழில் எழுதப் புகுவோர் ஒரு வியப்பைச் சந்திப்பர். விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் எண்ணெய்த் தாங்கிகளைத் தாக்கின என்றே எழுதவேண்டும். தாங்கி என்னும் தமிழ்ச் சொல் இரு பக்கத்திலும் நிற்கின்றது. இச்சொல்லாக்கம் ஆராயத்தக்கது. ‘டாங்க்’ என்பதன் ஒலிக்கு அணித்தாகவும், ‘தாங்கு’ என்னும் தமிழ் வினையடியாற் பொருள் தருவதாகவும் அமைந்தமையால் ‘தாங்கி’ ஈழத்து வழக்கில் எளிதில் நிலைபெற்றது எனலாம். பேச்சுவழக்கில் ‘டாங்கி’ என்பாரும் ‘தாங்கி’ என்பாரும் உளர். இரண்டும் ஒன்றாகவே கேட்கப்படும். தண்ணீர்த் தாங்கி, எண்ணெய்த் தாங்கி என்பன வீட்டுச் சொற்கள். ஆனால் எண்ணெய் ஏற்றிச் செல்லும் வண்டியைத் தாங்கி என யாரும் கூறுவதில்லை. அது ‘பவுசர்’. ஒரு வணிகக் குழுமத்தின் பெயர் வண்டியின் பெயராகி நம் வீதிகளில் ஓடுகின்றது.

தாங்கி என்னும் சொல்லுக்கு நம்மிடையே ஒரு முன்வரலாறு உண்டு. வழிநெடுகச் சுமைதாங்கிக் கற்களை நாட்டியவர் நம் முன்னோர். தலைச்சுமையோடு நடப்பவன் பிறர் துணையின்றித் தன் சுமையை இறக்கி இளைப்பாறவும், மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் உதவியது அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டும் வழக்கமும் இருந்தது. அங்கு தாங்குதல் என்பது உழைப்பவனின் பாரத்தைத் தாங்குதல். சீனக்குடாவின் தாங்கிகளை நோக்கி, ‘இவை யாருடைய பாரத்தைத் தாங்கின?’ என வினவும் உரிமையை இத்தமிழ்ச் சொல்லே நமக்குத் தருகின்றது. ஆங்கிலச் சொல்லில் அவ்வினாவுக்கு இடமில்லை. அது கொள்ளளவை மட்டுமே கூறும்.

இதே இடத்திற்கு வழங்கும் மற்றொரு பெயர் ‘தாங்கிப் பண்ணை’. ஆங்கிலத்தில் தாங்கிகளின் தொகுதியைப் பண்ணையைக் குறிக்கும் சொல்லால் வழங்குவர். அதனைச் சொல்லுக்குச் சொல்லாக மாற்றியதன் விளைவு இது. பண்ணை என்றால் நமக்கு உழவும் கால்நடையும் நினைவுக்கு வரும். உழைப்பவரும், அவர்க்குப் படியளக்கும் பண்ணையாரும் நினைவுக்கு வருவர். 800 ஏக்கருக்கு மேற்பட்ட இந்நிலத்தில் எதுவும் விதைக்கப்படுவதுமில்லை, அறுக்கப்படுவதுமில்லை. ‘எண்ணெய்க் குதம்’ என்னும் வழக்கு இதனிலும் நேர்மையானது. பண்டத்தைச் சேமித்து வைக்குமிடம் என்பதற்கு மேல் அது எதையும் கூறிக்கொள்ளவில்லை. மொழிபெயர்ப்பிற் சொல்லை மாற்றுவதும் பொருளை மாற்றுவதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் அரசியல் ஆலோசனை நிறுவனங்களையும் ‘டாங்க்’ என முடியும் தொடராற் குறிப்பர். அதனைச் ‘சிந்தனைத் தாங்கி’ என மொழிபெயர்க்காது ‘சிந்தனைக் குழாம்’ என அமைத்தவர் பொருளை அறிந்து செயற்பட்டவர். அவ்விழிப்பு ‘பண்ணை’ விடயத்தில் தவறிற்று.

4

இனி முதற்பொருளுக்கு, குளத்திற்கு வருவோம். ஆங்கில ஆட்சிப் பதிவுகளில் கந்தளாய்க் குளம் ஒரு ‘டாங்க்’. பரப்பு, அணையின் நீளம், ஏக்கரடிக் கணக்கிற் கொள்ளளவு ஆகியன அங்கு குறிக்கப்படும். 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் நிறுவப்பட்டபின் இவ்வளவைமுறை மேலும் செம்மைபெற்றது. இவ்வளவைகளின் பயனை மறுத்தல் அறியாமை. ஆனால் ‘டாங்க்’ என்னும் சொல்லுக்குள் அடங்காது வெளியே நின்றவை யாவை?

தமிழ் உழவனின் சொல்லிற் குளம் தனித்து நிற்பதில்லை. குளக்கட்டு உண்டு; அதனூடே நீரை வயலுக்கு விடும் துருசு உண்டு; மிகைநீர் வழியும் வான் உண்டு; நீர் அலைத்துச் செல்லும் மேற்புறத்து அலைகரை உண்டு; வாய்க்காலும் வயல்வெளியும் உண்டு. இவை இடப்பெயர்கள் மட்டுமல்ல. ஒவ்வொன்றும் ஒரு கடமையின் பெயர். கட்டைப் பேணுவது யார், துருசை எப்போது திறப்பது, தலைவாய்க்காலில் உள்ளவன் எவ்வளவு பெற்றபின் கடைவாய்க்காலில் உள்ளவன் பெறுவான் என்பவற்றை வழக்காறு வரையறுத்தது. வட்ட விதானை அதனை நடத்தினார். மழை பொய்த்த ஆண்டில் குளத்தின் நீருக்கு ஏற்பச் சிறு பகுதியை மட்டும் பயிரிட்டு, அதனையும் காணிக்காரர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் முறை சிங்களக் கிராமங்களில் ‘பெத்மா’ எனப்பட்டது. நீரின் பற்றாக்குறையைத் தனியொருவனின் துன்பமாக்காது பங்கிட்ட முறை அது. ‘டாங்க்’ என்னும் சொல்லில் நீர் இருக்கிறது, இக்கடமைகள் இல்லை.

இதனை ஆங்கிலத்திலேயே உணர்ந்து எழுதியவர் ஒருவர் உளர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் அதிகாரியாயிருந்த லெனாட் வுல்ப், 1913இல் வெளியிட்ட ‘காட்டிலொரு கிராமம்’ என்ற பொருள்படும் நாவலில், காட்டோரக் கிராமத்தின் உயிர் அதன் சிறு குளத்தோடு எவ்வாறு பிணைந்திருந்தது என்பதைக் காட்டினார். அந்நாவலிலும் ‘டாங்க்’ என்னும் அதே சொல்தான் வழங்குகின்றது. ஆனால் அங்கு அது கொள்ளளவைக் குறிக்கும் சொல்லாக நின்றுவிடவில்லை. பசி, கடன், காட்டின் அச்சம் ஆகியவற்றோடு சேர்த்தே வாசகனுக்குக் கிடைக்கிறது. குறை சொல்லில் மட்டும் இல்லை, சொல்லை ஆள்வோரின் பார்வையிலும் உண்டு என்பதற்கு இந்நாவல் சான்று.

இம்மறைவு தானே நிகழ்ந்ததன்று. 1830களில் இராசகாரிய முறை நீக்கப்பட்டபோது, கட்டாய ஊழியத்தின் கொடுமையோடு குளங்களைப் பேணும் கூட்டுழைப்பின் அமைப்பும் சிதைந்தது. 1840இன் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச்சட்டம், பயிரிடப்படாத நிலங்களையும் காடுகளையும் முடிக்குரியனவெனக் கருத வழிசெய்தது. குளத்தின் நீரேந்து காடும், மேய்ச்சல் தரையும் கிராமத்தின் கையிலிருந்து நழுவின. விளைவைக் கண்டபின், 1856இன் நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் பழைய வழக்காறுகளுக்கு மீளவும் உயிர்கொடுக்க முயன்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கந்தளாய்க் குளமும் திருத்தப்பட்டது. அழித்த கையே மீட்க முயன்ற இம்முரண்பாடு குடியேற்றவாட்சியின் இயல்பு.

5

எனினும் குளத்தின் பழைய உலகைப் பொற்காலமாகப் பாடுவது விமர்சனமாகாது. இங்கேதான் நமது இலக்கியச் சான்றுகளை மீள வாசிக்கவேண்டியுள்ளது. கவிராசவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் ‘கோணேசர் கல்வெட்டு’, குளக்கோட்டன் கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்ததையும், கோயில் வயல்களுக்கு நீர்பாயக் கந்தளாய்க் குளத்தைக் கட்டியதையும் கூறும். குளமும் கோட்டமும் சமைத்தவன் என்பதே அவன் பெயரின் பொருள் என்பர். சிங்கள வரலாற்று மரபு அக்குளத்தை 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டாம் அக்கபோதி மன்னனுக்கு உரியதாகக் கூறும். 11ஆம் நூற்றாண்டில், சோழராட்சிக் காலத்தில், அங்கு ஒரு சதுர்வேதிமங்கலம் இருந்ததைத் தமிழ்ச் சாசனங்கள் உணர்த்துகின்றன.

இச்சான்றுகளைக் கொண்டு ‘கட்டியவன் எம்மவன்’ என வழக்காடுவதிலேயே இரு மொழி எழுத்தாளரும் பெரும் ஆற்றலைச் செலவிட்டுவந்துள்ளனர். அரசனின் இனம் எதுவாயினும், கூடையில் மண் சுமந்தவன் அரசன் அல்லன். கோணேசர் கல்வெட்டின் உண்மையான ஆய்வுமதிப்பு வேறிடத்தில் உள்ளது. வெளியூர்களிலிருந்து குடிகளை அழைத்துவந்து குடியேற்றியதையும், எக்குடி எவ்வூழியம் செய்யவேண்டும், எவ்வயலின் விளைவு எதற்கு உரியது என்பனவற்றையும் அது விரித்துரைக்கின்றது. மன்னன் புகழ் பாடும் நூலாக மட்டும் அதனை வாசிப்போர், அது உபரி விளைவு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதற்கான ஆவணமுமாதலைக் காணத் தவறிவிடுகின்றனர். குளம் பலர்க்கும் பொதுவாயிருந்தது. ஆனால் அப்பொதுமையுள் ஏவுவோரும் ஏவப்படுவோரும் இருந்தனர். சாதிப் படிநிலை நீரின் வழியிலும் ஓடியது. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகை உழவனுக்குப் பாதுகாப்பளிக்கவும் பழைய விதானை முறைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைக்கவும் முனைந்தமை இவ்வேற்றத்தாழ்வு நூற்றாண்டுகளாகத் தொடர்ந்ததைக் காட்டும்.

ஆகவே குளத்திற்கும் தாங்கிக்கும் உள்ள வேறுபாட்டை நன்மை, தீமை எனப் பிரிப்பது நமது நோக்கமன்று. குளத்தில் உரிமையும் ஒடுக்குமுறையும் வெளிப்படையானவை. முகமறிந்த மனிதரிடையே நிகழ்வன. நீர் வரவில்லையெனில் யாரிடம் சென்று கேட்பதென உழவன் அறிவான். எதிர்ப்பதற்கும் ஓரிடம் அவனுக்கு உண்டு. தாங்கியைச் சூழ வாழ்வோர்க்கு அவ்விடமும் இல்லை. வேலிக்கு உள்ளே என்ன இருக்கிறது, யாருக்காக இருக்கிறது, யார் முடிவு செய்கிறார் என்பன அவர்தம் அறிவுக்கு அப்பாற்பட்டவை. மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ என்னும் சிறுகதை, தனக்கென ஒரு தோணியை வேண்டும் மீனவச் சிறுவனைப் பற்றியது. துறைமுகத்தைச் சூழ வாழும் உழைப்பாளிக்கு உடைமை என்பது கனவாகவே நிற்பதை அக்கதை எளிய முறையில் உணர்த்துகின்றது. பேரரசுகள் மோதிக்கொண்ட குடாவின் கரையில் ஒரு தோணிக்கு ஏங்கும் சிறுவன் இருந்தான் என்பதை எவ்வாவணமும் நமக்குக் கூறவில்லை, சிறுகதை கூறிற்று.

6

ஆவணங்களையும் பனுவல்களாகக் கொண்டு வாசிக்கலாம், வாசிக்கவேண்டும். 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தளம் போயிற்று, தாங்கிகள் நின்றன. 1987 ஜூலை 29ஆம் நாளைய இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், எண்ணெய்த் தாங்கிகளைத் திருத்தி இயக்கும் பணி இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக மேற்கொள்ளப்படும் எனக் கூறப்பட்டது. அதே கடிதத்தில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்நாட்டினதும் படைத்துறைப் பயன்பாட்டிற்குத் திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்கள் வழங்கப்படமாட்டா எனவும் கூறப்பட்டது. எண்ணெய்க் கலமும் படைக்கலமும் ஒரே தாளில் அருகருகே நின்றன. 1915இல் ஒரு சொல்லுக்குள் இணைந்த இரு பொருள்கள் 1987இல் ஒரு கடிதத்துள் மீண்டும் சந்தித்தன.

2003இல் இத்தாங்கிகள் லங்கா ஐஓசி நிறுவனத்திற்கு 35 ஆண்டு ஏற்பாட்டில் வழங்கப்பட்டன. கீழ்த்தொகுதியிலுள்ள சிலவே பயன்பாட்டுக்கு வந்தன. மேற்தொகுதி காடு மூடிக் கிடந்தது. 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசியிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 இரு தரப்பினரதும் கூட்டு நிறுவனத்திடமும் சேர்ந்தன. கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்திற்கு 51 வீதமும் லங்கா ஐஓசிக்கு 49 வீதமும் பங்கு. 2025 ஏப்ரிலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் நோக்கோடு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கையொன்றில் ஒப்பமிட்டன.

14, 24, 61 எனக் கணக்கு நேராக 99க்கு வருகின்றது. பங்கீடு நிகழ்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெத்மா முறையில் வயலைப் பங்கிட்டவர் அவ்வயலை உழுதவர். இங்கே பங்கிட்டவர் வேறு, சூழ வாழ்பவர் வேறு. இதனாற் கூட்டு முயற்சி எதுவும் வேண்டாமென்பது நமது கருத்தன்று. எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டின் நெருக்கடியைக் கண்டபின், சேமிப்பிடத்தின் தேவையை யாரும் மறுக்கமாட்டார். கேள்வி சேமிப்பைப் பற்றியதன்று. சேமிப்பின்மீது யாருக்குச் சொல்லும் உரிமை உண்டு என்பதைப் பற்றியது.

இதே மாவட்டத்தில் நீரும் இக்கேள்வியிலிருந்து விடுபடவில்லை. 1986 ஏப்ரில் 20ஆம் நாள் அதிகாலையிற் கந்தளாய்க் குளக்கட்டு உடைப்பெடுத்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குளத்தையும் பேணாது விட்டால் அது கொல்லும் என்பதற்கு அது கொடிய சான்று. 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டின் கதவை விடுதலைப் புலிகள் மூடியதும், அதனைத் தொடர்ந்து அரசு தொடுத்த படை நடவடிக்கையும் அறுதிப் போரின் தொடக்கமாயின. வாய்க்காலின் கடையில் நின்ற உழவனும், மூதூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பமும் எம்மொழி பேசினாலும் விலைகொடுத்தவர் அவர்களே. துருசின் கதவு படைக்கலமானபோது, ‘டாங்க்’ என்னும் சொல்லின் மூன்று பொருள்களுக்கிடையே இருந்த கடைசி வரம்பும் அழிந்தது.

7

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிவுகளைத் தொகுத்துரைக்கலாம். ஆங்கிலச் சொல்லின் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தது அகராதிக்குள் நிகழ்ந்த விளையாட்டன்று. ஓரிடத்தோடும் மக்களோடும் பிணைந்த நீர்நிலை, இடமும் மக்களும் அற்ற கொள்ளளவாக மாறிய வரலாறு அவ்விரிவில் உறைந்துள்ளது. தமிழ் குளத்தையும் தாங்கியையும் பிரித்துவைத்தமை அவ்வரலாற்றை நாம் மறவாதிருக்க உதவுகின்றது. சிங்களமும் அவ்வாறே ‘வெவ’ என நீர்நிலையையும் ‘டெங்கிய’ எனக் கலத்தையும் பிரித்து வழங்குகின்றது. முதலிக்குளம் மொறவெவவாக ஆட்சிப் பதிவில் மாறியதைக் குறித்து நமக்கு நியாயமான மனக்குறை உண்டு. எனினும் இரு பெயரும் ஒரு நீர்நிலையைக் கொண்டே ஊரை அழைக்கின்றன என்பதையும் காணவேண்டும். ஊரின் பெயரிற் குளத்தை வைத்த இரு மக்கட் கூட்டத்தாரும், குளத்தை ஏக்கரடியாக மட்டும் காணும் பார்வைக்கு எதிரே ஒரே பக்கத்தில் நிற்பவர்கள்.

இதிலிருந்து இரு பணிகள் எழுகின்றன. முதலாவது சொற்றொகுப்பு. கந்தளாய், தம்பலகாமம், மூதூர், வெருகல் பகுதிகளின் உழவர் வழங்கும் நீர்ப்பாசனச் சொற்களும், துறைமுகத்திலும் எண்ணெய்க் குதத்திலும் வேலைசெய்தோர் வழங்கிய தொழிற்சொற்களும் தொகுக்கப்படவேண்டும். தனித்தமிழ் நாட்டத்தாற் பவுசரை விலக்குவதோ, பண்டிதப் பற்றாற் பேச்சுச் சொல்லை ஒதுக்குவதோ இதற்கு உதவாது. எச்சொல்லை யார், எவ்வேலையின்போது வழங்கினர் என்பதோடு சேர்த்துத் தொகுக்கவேண்டும். தமிழ்ச் சங்கத்தின் மாணவர் விடுமுறைக் காலத்திலேயே இதனைத் தொடங்கலாம்.

இரண்டாவது மொழிபெயர்ப்பைப் பற்றியது. இம்மாவட்டத்தின் நிலத்தையும் கடலையும் பற்றிய உடன்படிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் செய்தித் தலைப்புகளாக மட்டும் தமிழுக்கும் சிங்களத்திற்கும் வருகின்றன. முழு வாசகமும் இரு மொழிகளிலும் மக்கள் கைக்கு எட்டவேண்டும். அம்மொழிபெயர்ப்பில் ‘பண்ணை’ போன்ற சொற்கள் உண்மையை மூடாதிருக்கவேண்டும். தன் ஊரின் தாங்கியைப் பற்றிய வாசகத்தைத் தன் மொழியிற் படிக்க இயலாதவன், அதனைப் பற்றிக் கேள்வி எழுப்பவும் இயலாதவனாகிறான்.

கந்தளாயில் விடப்படும் நீர் தம்பலகாமத்து வயல்களிற் பாய்ந்து, எஞ்சியது தம்பலகாமக் குடாவைச் சேரும். அக்குடாவின் அருகேயே சீனக்குடாவின் தாங்கிகள் நிற்கின்றன. புவியியல் இரண்டையும் இவ்வளவு அணுக்கமாக வைத்திருக்க, ஒன்று உழவரின் செய்தியாகவும் மற்றது வல்லரசுகளின் செய்தியாகவும் வேறு வேறு பக்கங்களில் எழுதப்பட்டு வருகின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் ஆய்வுக்கும் ஆக்க இலக்கியத்திற்கும் இம்மாவட்டம் இன்னும் காத்திருக்கின்றது.